ரிப்பன் கட்டிய கக்கூஸ்

அம்மாவுக்கு இடது கை விழுந்தபோது எல்லாரும் எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

"வலது கை தப்பிச்சிருச்சுல்ல, அப்புறமென்ன" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அதையே சொன்னார்கள். அப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு பஸ் ஓட்டுகிறவர். "பக்கவாதந்தான், ஆனா இடது பக்கம்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். கேட்டால் ஏதோ தள்ளுபடியில் கிடைத்த மாதிரி இருக்கும். அம்மா காலை இழுத்து இழுத்து நடந்தாள். வாய் கோணவில்லை. சோறு பிசைகிற கை நன்றாக இருந்தது. கையெழுத்துப் போடுகிற கையும் அதுதான். இடது கை அப்படி என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறது.

இடது கை என்ன செய்யும் என்று எங்கள் ஊர் தாடிக்கொம்பில் எல்லாருக்கும் தெரியும். காலையில் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் ஆறுதல் சொல்ல வந்தார்கள். வாயால் சொல்லத்தான் ஒருவருக்கும் வரவில்லை.

நானே சொல்லிவிடுகிறேன். கழுவுகிற கை போய்விட்டது.

முதலில் நான்தான் கழுவிவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வலது கையால்தான் செய்து பாரேன் என்று ஒரு நாள் சொன்னேன். செய்தாள். ஒரே கையை அதே கையால் எப்படிச் சோப்புப் போட்டுக் கழுவ முடியும்? துவைக்கிற கல்லில் தேய்தேயென்று தேய்த்தாள். அப்புறம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். சாப்பிடாமல் இருப்பது. காலையில் அரை டம்ளர் டீ, மத்தியானம் ரெண்டு வாய்ச் சோறு. "தின்னாத்தான போகணும்" என்றாள் என்னிடம், பெரிய சூத்திரத்தைக் கண்டுபிடித்தவள் போல. அப்பாவிடம் சொன்னேன். "பொம்பளைக சமாச்சாரத்தையெல்லாம் எங்கிட்டச் சொல்லிக்கிட்டு" என்று டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கழுவுவது பொம்பளைகள் சமாச்சாரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். ஆக்குபேஷனல் தெரபி. "போன கை போகட்டும். இருக்கிற உடம்ப வச்சுக் குளிக்க, உடுத்த, சமைக்க, அன்னாடம் பொழைக்கப் பழக்கிவிடுவாங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். இனிமேல் வாய்விட்டுப் பேசலாம். எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி நான். படித்தவர்கள் மேல் எனக்கு அப்போது மரியாதை இருந்தது.

கரமலர் மறுவாழ்வு மையம் நத்தம் ரோட்டில், வரிசையாகப் புளியமரம் நிற்கிற இடத்தில் இருந்தது. உள்ளே போனால் நாலு சுவரிலும் நிறுவனர் தலைவர், மறுவாழ்வுச் செம்மல் ஈஸ்வரன் அவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார். நோயாளிக்குக் கைகொடுக்கிற மாதிரி ஒரு படம். உற்றுப் பார்த்தால் நோயாளிதான் அவரைத் தாங்கிப் பிடித்திருப்பார்.

காலையில் முதல் சிகிச்சை, உறுதிமொழி. "நான் யாரையும் சார்ந்திருக்க மாட்டேன். என் வேலையை நானே செய்வேன்" என்று எல்லாரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எழுந்து நிற்க முடியாதவர்கள்தான் அங்கே பாதிப் பேர். அதனால் நிர்வாக இயக்குநர் மதியழகன் சார் விதியில் ஒரு சலுகை வைத்திருந்தார். "எந்திரிக்க முடியாதவங்க மனசால எந்திரிச்சு நிக்கலாம்." பேச்சுப் போனவர்கள் மனசால் சொல்லலாம். ஒரு தாத்தா மனசாலும் எழுந்திருக்கவில்லை என்று சந்தேகப்பட்டு அவரை இன்னொரு முறை சொல்ல வைத்தார்கள்.

அடுத்தது மதிப்பீடு. மார்க் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதால் மதியழகன் சாரே உட்கார்ந்து கேட்டார். அதற்கென்றே படித்துவிட்டு வந்த ஷைனி என்கிற பெண் ஓரமாக நின்று அவருக்குப் பேனா எடுத்துக் கொடுத்தாள்.

"சட்டைப் பட்டன் போடுவீங்களாம்மா?"

"சட்டையே போட்டதில்லீங்க சார்."

மதியழகன் சார் ஒரு நீலச் சட்டையை வரவழைத்தார். சேலைக்கு மேல் அதை மாட்டிவிட்டார்கள். அம்மா வலது கையால் மெதுவாகப் பட்டனைப் போட்டாள். முழு மார்க்.

"முள்கரண்டியில சாப்பிடுவீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தல வாரவா சார்?" என்றாள். பிடித்துக் காட்டியதற்கு முழு மார்க்.

"கார் ஓட்டுவீங்களா?"

"சைக்கிளே வராதுங்க."

"ஓட்டத் தெரியாதவங்களுக்கு ஓட்ட முடியாமப் போற பிரச்சினை கிடையாது." முழு மார்க்.

அப்புறம் ஒரு இடத்தில் நிறுத்தி, கனைத்துக்கொண்டு, தாளைப் பார்த்தபடியே ஒரு டிக் அடித்தார். எட்டிப் பார்த்தேன். கழிவறைப் பயன்பாடு: தானே செய்கிறார்.

"சார், அத நீங்க கேக்கவே இல்லையே."

"அத எப்படிம்மா ஒரு பொம்பளைகிட்டக் கேக்கறது? நம்ம மையத்துல எல்லாச் சகோதரிகளுக்கும் அதுல முழு மார்க் குடுத்துருவோம். ஒரு கௌரவம்."

"அதுதான் சார் எங்களுக்குப் பிரச்சினையே. எங்கம்மாவால கழுவ முடியல."

அவர் மூக்கைச் சுளித்தார். அறைக்குள் யாரோ அதைச் செய்துவிட்ட மாதிரி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "படிச்ச பொண்ணு பேசற பேச்சாம்மா இது?"

அம்மாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. வந்த அன்றைக்கே இவ்வளவு மார்க் வாங்கியவர் யாரும் இல்லையாம். மணி அடித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு கை விழுந்தவர்கள் தொடையில் தட்டினார்கள். அம்மா வெட்கத்தோடு கும்பிடப் போனாள். ஒரு கை மட்டும் மேலே வந்தது.

சிகிச்சை ஆரம்பித்தது. சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கலைத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். அம்மா பக்கவாதம் வருகிறவரை நூல் மில்லில் கோன் சுற்றுகிற செக்‌ஷனில் இருந்தவள். நாளெல்லாம் கோன்தான் அங்கே.

"ஏண்டி, மில்லுலயும் இதத்தான செஞ்சேன். அங்க சம்பளம் குடுத்தாய்ங்க. இங்க நாம குடுக்கோம்" என்றாள்.

அதுவும் எந்தக் கையால் அடுக்கச் சொன்னார்கள் தெரியுமா. வலது கையால். இடது கையால் அடுக்கினால் கோன் விழுகிறது, விழுந்தால் மார்க் குறைகிறது, குறைந்தால் மையத்தின் சராசரி இறங்குகிறது. நன்றாக இருக்கிற கைக்கு அங்கே பிரமாதமான சிகிச்சை நடந்தது. விழுந்த கை அவள் மடியில் செத்த பெருச்சாளி மாதிரிக் கிடந்தது.

அம்மா இளைத்துக்கொண்டே போனாள். ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. வாராவாரம் எடை பார்ப்பார்கள். மதியழகன் சார் முகமெல்லாம் சிரிப்பாக, "எடைக் குறைப்புல மாயம்மாள்தான் முதலிடம். எல்லாரும் இவங்களப் பாத்துக் கத்துக்கணும்" என்று அறிவித்தார். அதற்கும் மணி அடித்தார்கள். பட்டினி கிடந்ததற்குக் கைதட்டல் வாங்கிய முதல் பெண் எங்கம்மாவாகத்தான் இருப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஷைனியைத் தேடிப் போனேன். அவள் பின்கட்டில் வெல்வெட் துணியில் ஜிகினா எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்காம்.

"மேடம், கோன் அடுக்குனா எங்கம்மாவுக்குக் கழுவ வந்துருமா?"

அவள் எழுத்தைக் கீழே வைத்தாள். "வராது."

"அப்ப எதுக்கு அடுக்கறோம்?"

"போட்டோவுல கலரா விழும்" என்றாள். பிறகு மெதுவாக, "சாப்பாட்ட எப்பருந்து குறைச்சாங்க?" என்று கேட்டாள்.

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"நான் படிச்சதே இத முதல்ல கேக்கத்தான். காலைல எந்திரிச்சதுலருந்து எங்க எங்க முட்டுதுன்னு பாக்கணும். கைய சரி பண்ண முடிஞ்சா சரி பண்ணணும். முடியலேன்னா வேலை செய்யுற விதத்த மாத்தணும். அதுவும் முடியலேன்னா குழாய மாத்தணும், கதவ மாத்தணும். ஆள மட்டும் குத்தம் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் இந்தப் படிப்பு." சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதவைத் திறந்து காட்டினாள்.

மாதிரி இல்லம் என்று போர்டு போட்டிருந்தது. நோயாளிகள் வீட்டு வேலைகளைப் பழகுவதற்காகக் கட்டிய வீடு. அடுப்படி, கட்டில், பாத்ரூம். பாத்ரூமில் வெள்ளைவெளேரென்று ஒரு கக்கூஸ். உட்கார்ந்து எழுந்திரிக்க இரண்டு பக்கமும் கம்பி. வலது கைக்கு எட்டுகிற இடத்தில் பிடித்துப் பீச்சுகிற குழாய். அம்மாவுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இதுல பழக்குனாப் போதும். சீக்கிரம் வந்துரும்" என்றாள் ஷைனி.

"பழக்குங்க."

"இன்னும் திறப்பு விழா ஆகல."

ஏன் ஆகவில்லை என்பதை மதியழகன் சாரிடமே கேட்டேன். அவர் அதை நாட்டுப் பிரச்சினை மாதிரி விளக்கினார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு உபயதாரர். கட்டிலுக்கு ஒருவர், அடுப்புக்கு ஒருவர், எல்லாருடைய பேரும் கல்லில் வெட்டியாகிவிட்டது. கக்கூஸ், ஒரு நூல் மில் குடும்பத்தின் உபயம். அமரர் பெருமாள்சாமி நினைவாக என்று தண்ணீர்த் தொட்டி மேல் கல் பதித்தார்கள். மூத்த மகன் வந்து பார்த்துவிட்டு, எங்கப்பா பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்களா என்று சத்தம் போட்டார். கல்லைப் பெயர்த்து எதிர்ச் சுவரில் பதித்தார்கள். இளைய மகன் வந்து உட்கார்ந்து பார்த்தார். இப்போது எங்கப்பாவைப் பார்த்துக்கொண்டே போவார்களா என்று அவர் சத்தம் போட்டார். கல்லை எங்கே வைப்பது என்று முடிவாகும்வரை யாரும் உட்காரக் கூடாது.

"அதுவரைக்கும் எங்கம்மா என்ன சார் பண்ணும்?"

"பொறுமையா இருக்கச் சொல்லும்மா. நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் உடனே ஆகணும். வெளிநாட்டுல பேப்பர்ல தொடச்சுப் போட்டுட்டுப் போயிருவான். நாமளும் பழக்கத்த மாத்திக்கணும்."

"நீங்க மாத்திக்கிட்டீங்களா சார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எங்கம்மாவுக்கு மார்க் குறைந்திருக்கும். ஆனால் குறைக்கவில்லை. திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் காட்டுவதற்குத் தொண்ணூற்றிரண்டு அவருக்குத் தேவைப்பட்டது.

விழா நாள் வந்தது. கல் பிரச்சினைக்கு ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். கல் எதிர்ச் சுவரிலேயே இருக்கும், அதன் மேல் ஒரு பட்டுத் துணி தொங்கும். கக்கூஸுக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குச் சந்தனம், குங்குமம். மூடிமேல் ஒரு எலுமிச்சம்பழம். சாம்பிராணி போட்டவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

ஈஸ்வரன் அவர்கள் வந்தார். காரிலிருந்து இறங்க ஒருவர் கை கொடுத்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட ஒருவர் குனிந்தார். ரிப்பன் வெட்டக் கத்திரியை ஒருவர் அவர் விரலில் மாட்டிவிட்டார். வெட்டினார். கை தட்டினோம். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒருவர் பையில் போட்டுக்கொண்டார். "திறந்தாச்சு. ஆனா பாக்கறதுக்கு மட்டுந்தான், யாரும் உக்காந்துராதீங்க, பூ வாடிரும்" என்று மதியழகன் சார் எல்லாரையும் வெளியே ஓட்டினார்.

மேடையில் மைக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள ஈஸ்வரன் அவர்கள் பேசினார்.

"சார்ந்திருப்பது அடிமைத்தனம். தன் வேலையைத் தானே செய்வதுதான் மனிதனுக்கு அழகு. இந்தப் பேச்சை நேற்று என் செயலாளர் எழுதிக் கொடுத்தபோது என் கண்ணே கலங்கிவிட்டது."

ஒருவர் கைக்குட்டையை நீட்டினார்.

அடுத்து அம்மாவின் செய்முறை விளக்கம். சட்டைப் பட்டன் முடிந்தது. கோன் முடிந்தது. கடைசியாக, பக்கவாதம் வந்த பெண் யார் உதவியும் இல்லாமல் சாப்பிடுவதைச் சபை பார்க்க வேண்டும். மேடையில் மேசை போட்டு இலை விரித்து முழுச் சாப்பாடு பரிமாறினார்கள். சாம்பார், கூட்டு, அப்பளம், வடை, பாயசம். அம்மாவின் சேலையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டார்கள்.

நான் கீழே முதல் வரிசையில் இருந்தேன். அம்மா சாம்பாரை முகர்ந்ததைப் பார்த்தேன். மூக்கு விடைத்தது. அவளுக்கு எவ்வளவு பசி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வலது கை இலைக்குப் போனது. தொடாமல் திரும்பி வந்துவிட்டது.

"சாப்பிடுங்கம்மா" என்றார் ஈஸ்வரன் அவர்கள்.

"வேணாம்யா."

"கூச்சப்படாதீங்க. உங்க சுதந்திரத்த எல்லாரும் பாக்கட்டும்."

"தின்னாப் போகணும்யா. போனாக் கழுவணும்." மைக் மண்டபம் முழுக்கச் சொன்னது. அம்மாவுக்குத் தன் குரல் வெளியே கேட்பது தெரியவில்லை. பெரிய மனிதர், விவரம் தெரிந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்டாள். "தப்பா நெனைக்காதீக. உங்களுக்கு இடது கை வரலேன்னா நீங்க எப்படிங்கய்யா செய்வீக?"

மதியழகன் சார் மைக் ஒயரைத் தேடிக் கீழே குனிந்தார். ஈஸ்வரன் அவர்கள் பாவம், எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டார். அதனால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அதுக்கெல்லாம் ஒரு ஆள் வச்சுக்கணும்மா."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா தலையாட்டினாள். "எனக்கு இருக்கிற ஆளு இவ ஒருத்திதான்யா" என்று என்னைக் காட்டினாள். "இவளையும் எம்புட்டு நாளைக்குத்தான் இதுக்கு வச்சுக்கிறது. படிச்ச புள்ள." இலையைப் பார்த்து, "அந்த வடைய மட்டும் மடிச்சுக் குடுங்க, வீட்டுக்குப் போயி அவ திம்பா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். நூற்றுக்கு நூறு. முழுச் சுதந்திரம் பெற்றுவிட்டதால் இனிமேல் மையத்தின் பக்கமே வரத் தேவையில்லை என்று அதில் போட்டிருந்தது. உண்ணாத இலையின் முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கும் படம் இப்போதும் அவர்கள் நோட்டீஸில் வருகிறது. 'தானே உண்கிறார்' என்று கீழே எழுதியிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் ஷைனி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பெரிய பை.

"என்னக்கா, டூட்டி இல்லையா?"

"நோயாளியச் சரியாப் பேசப் பழக்கலேன்னு வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அதான் வேலை பாக்க வந்தேன்" என்றாள்.

நேராகக் கொல்லைப்புறம் போனாள். எங்கள் கக்கூஸ் அரசாங்கத் திட்டத்தில் கட்டினது. தரையோடு பதித்த பேஸின், இடது பக்கம் குழாய், உள்பக்கமாகத் திறக்கிற கதவு. உள்ளே போய்க் குத்தவைத்துப் பார்த்தாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தாள். அம்மா கதவோரம் நின்று, "அய்யோ, நீ ஏம்மா அங்கெல்லாம்" என்று பதறினாள்.

"மாதிரி இல்லம் இதுதாம்மா" என்றாள் ஷைனி.

பெரிய வேலை எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவை வட்டமாக அறுத்து பேஸின்மேல் போட்டு ஆடாமல் கட்டினோம். வலது சுவரில் ஒரு கம்பி. பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை வலது பக்கம் மாற்றி, பீச்சுகிற குழாய் ஒன்றும் மாட்டினோம். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிப் போட்டார் ஆசாரி. ஒரு பாத்திரம் தேய்க்கிற நைலான் நாரைச் சோப்பில் நனைத்துச் சுவரில் அறைந்து வைத்தாள் ஷைனி. ஒற்றைக் கையை அதில் தேய்த்தால் போதும், கை கழுவ இன்னொரு கை வேண்டாம்.

இடது கையையும் அவள் விடவில்லை. "பிடிக்க வரலேன்னா அமுக்கட்டும். சும்மா மட்டும் உக்கார விடக் கூடாது" என்று சொல்லி, தூக்கிய சேலையை இடது முழங்கையால் இடுப்போடு அமுக்கிக்கொள்ளப் பழக்கினாள். சேலை நழுவி விழுந்தது. அம்மா மறுபடி தூக்கினாள். குழாய் தப்பான இடத்தில் பீச்சி அம்மா தொப்பலாக நனைந்தாள். நாள்கணக்கில் நடந்தது. ஷைனி மணி எதுவும் அடிக்கவில்லை. எங்கே முட்டியது என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

ஒரு காலையில் அம்மா, "நீ வராத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. தண்ணீர் பீச்சுகிற சத்தம் கேட்டது. நின்றது. நாரில் கை தேய்க்கிற சத்தம். செத்த நேரம் கழித்துக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. சேலை ஒரு பக்கம் நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தாள்.

"என்ன வெஞ்சனம்?"

நேற்று வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்புதான் இருந்தது. சோற்றைப் போட்டேன். பிசைந்து பிசைந்து தின்றாள். "இன்னும் போடு" என்றாள். போட்டேன். தட்டு நழுவாமல் இருக்க இடது கையைத் தூக்கி அதன் விளிம்பில் வைத்து அமுக்கிக்கொண்டாள். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"இந்தா புள்ள, சோத்துத் தட்டுல போயி பீச்சாங்கைய வைக்கிற?"

அம்மா வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள்.

"அந்த வேலையெல்லாம் இப்பக் குழாய் பாத்துக்கிருது. இந்த வீட்டுலயே சுத்தமான கை இதுதான். நீ ஒன் கையப் பாரு."